ட்ரே சீமே ஒருநாள் நடை: முதல்முறை போகிறவர்கள் முன்கூட்டியே செய்ய வேண்டியவை

இத்தாலியின் வடகிழக்கில், தொலொமைட் மலைகளில், அடுத்தடுத்து செங்குத்தாக நிற்கும் மூன்று பாறைச் சிகரங்களின் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். ட்ரே சீமே தி லவரேதோ என்பது அவற்றின் பெயர். அவற்றைச் சுற்றி, ஒரு மலைவிடுதியிலிருந்து அடுத்த மலைவிடுதிக்கு என்று ஒரே நாளில் நடந்து முடிக்கக்கூடிய வட்டப்பாதை இருக்கிறது. தினமும் கொஞ்சம் நடக்கும் பழக்கம் உள்ள யாரும் நடந்துவிடலாம். கயிறு பிடித்து ஏறும் வேலை எதுவும் இல்லை.

சிரமமெல்லாம் காலில் செருப்பு மாட்டுவதற்கு முன்னால்தான். மேலே போகும் சாலைக்கு முன்பதிவு, பேருந்துக்கு முன்பதிவு, விடுதிக்கு ஆறு மாதத்துக்கு முன்பே மின்னஞ்சல், விசாவுக்கு அந்த விடுதியின் உறுதிக் கடிதம் என்று ஒன்றை ஒன்று பிடித்து இழுக்கும் வேலைகள். எதை முதலில் செய்வது என்று தெரியாமல் இணையத்தில் ராத்திரி ராத்திரியாகத் தேடியவன் என்பதால் வரிசைப்படுத்தி எழுதுகிறேன். கட்டணங்கள் 2025 நிலவரம். ஆண்டுதோறும் மாறுகின்றன, ஒவ்வொன்றையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. எந்தப் பாதை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

விமானச் சீட்டுக்கு முன்பே இதை முடிவு செய்ய வேண்டும். எங்கே தங்குவது, எந்தப் பேருந்து, எத்தனை நாள் என்பதெல்லாம் இதை வைத்துத்தான்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது வட்டப்பாதை. ஔரோன்சோ விடுதியில் (2,320 மீட்டர்) தொடங்கி, லவரேதோ விடுதி (2,344 மீ.), லவரேதோ கணவாய் (2,454 மீ.), லொக்காத்தெல்லி விடுதி (2,405 மீ.), லாங்கால்ம் என்ற மேய்ச்சல்நிலக் குடில் வழியாக மறுபடி ஔரோன்சோ. சுமார் 10 கி.மீ. தூரம், மொத்த ஏற்றம் ஏறக்குறைய 400 மீட்டர். லொக்காத்தெல்லி வரை 101 எண் பாதை, திரும்பி வர 105. பாறைகளிலும் கம்பங்களிலும் சிவப்பு-வெள்ளை-சிவப்புப் பட்டைக்கு நடுவே இந்த எண்ணைப் பார்க்கலாம்.

நேரத்தை நீங்களே கணக்கிடலாம். ஆல்ப்ஸ் பகுதியில் வழக்கத்தில் உள்ள முறை இது: சமதளத்தில் மணிக்கு 4 கி.மீ., ஏற்றத்தில் மணிக்கு 300 மீட்டர், இறக்கத்தில் மணிக்கு 500 மீட்டர். தூரத்துக்கான நேரம் ஒன்று, ஏற்ற இறக்கத்துக்கான நேரம் ஒன்று. இரண்டில் பெரியதை முழுதாக எடுத்து, சிறியதில் பாதியைக் கூட்டுங்கள். நம் வட்டத்துக்கு 10 கி.மீ. என்றால் இரண்டரை மணி. 400 ஏற்றமும் 400 இறக்கமும் சேர்ந்து சுமார் இரண்டு மணி பத்து நிமிடம், அதில் பாதி ஒரு மணி சொச்சம். ஆக மூன்றரை மணி நேரம். வழியில் நட்டிருக்கும் பலகைகளில் உள்ள நேரமும் ஏறத்தாழ இப்படித்தான் வரும். ஆனால் இது நிற்காமல் நடக்கும் உள்ளூர்க்காரரின் கணக்கு. படம் எடுத்து, மூச்சு வாங்கி, உட்கார்ந்து சாப்பிடுகிற நமக்கு ஆறு மணி நேரம் வையுங்கள்.

கால் பலமும் மலைநடைப் பழக்கமும் இருந்தால் இதைவிட அழகான ஒன்று உண்டு. செஸ்தோ ஊருக்கு அருகே ஃபிஷ்லைன்போடனிலிருந்து (1,454 மீ.) ஏறி, சிக்மொந்தி-கோமிச்சி (2,224 மீ.), பியான் தி சென்ஜா (2,528 மீ.), லொக்காத்தெல்லி என்று மூன்று விடுதிகளைத் தொட்டு இறங்கும் சுற்று. ஏற்றம் மட்டும் 1,100 மீட்டருக்கு மேல், நடை ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. கூட்டம் குறைவு, சுங்கச்சாலைத் தொல்லையும் இல்லை. முதல் ஆல்ப்ஸ் நடையாக மட்டும் இதை எடுக்காதீர்கள்.

வரைபடம் வாங்கும்போது பாதையின் தரத்தையும் பாருங்கள். இத்தாலியில் 'டி' என்றால் சுற்றுலாப் பயணிகளுக்கான எளிய பாதை, 'இ' என்றால் சாதாரண மலைநடை, 'இஇ' என்றால் அனுபவசாலிகளுக்கு, 'இஇஏ' என்றால் தலைக்கவசமும் இடுப்புக் கச்சையும் வேண்டும். நம் வட்டம் முதல் இரண்டுக்குள் அடங்கும். லொக்காத்தெல்லியிலிருந்து பத்தெர்னோ சிகரத்துக்குப் பிரியும் பாதை கடைசி வகை. அந்தப் பாதையில் உள்ள குகைகளைப் பார்க்கலாம் என்று கிளம்பி, இரும்புக் கம்பியைப் பிடித்துத் தொங்கும் இடத்தில் போய் நிற்காதீர்கள்.

2. தேதி

ஜூலை தொடக்கம் முதல் செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை. அவ்வளவுதான் நமக்கான பருவம். மேலே போகும் சாலை மே மாதக் கடைசியிலோ ஜூனிலோ திறந்துவிடும், ஆனால் மலைவிடுதிகள் பலவும் ஜூன் பிற்பாதியில்தான் திறக்கின்றன. சிகரங்களின் வடக்குப் பக்கத்தில் ஜூன் பாதி வரை பனி கிடக்கும். கெட்டிப்பட்ட பனிச்சரிவில் சாதாரணக் காலணியுடன் கடப்பது சறுக்கில் முடியும்.

ஆகஸ்ட் நடுவில், குறிப்பாக 15ஆம் தேதியை ஒட்டி, இத்தாலியே விடுமுறையில் இருக்கும். அந்த இரண்டு வாரத்தைத் தவிர்த்தால் பாதி பிரச்சினை தீர்ந்தது. என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் பாதி. இடிமழை குறைவு, காற்று தெளிவு, கூட்டம் கலைந்திருக்கும். பகல் கொஞ்சம் குறுகியிருக்கும், பரவாயில்லை.

3. விசாவும் காப்பீடும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) வேண்டும். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்கு 180 நாளில் 90 நாள் வரை வேண்டாம். சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளின் செல்லுபடியாகும் வதிவிட அனுமதி உள்ளவர்களும் தனியாக விசா எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அனுமதி அட்டையோடு கடவுச்சீட்டையும் கையில் வைத்திருங்கள். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் வழியாக ரயிலில் வந்தால் எல்லையில் கேட்கக்கூடும்.

விசா எடுக்க வேண்டியவர்கள் கவனிக்க வேண்டியவை:

எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பியுங்கள். சுவிஸில் நான்கு இரவு, இத்தாலியில் மூன்று இரவு என்றால் அது சுவிஸ் விண்ணப்பம். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவுக்கு 15 நாள் என்று விதி சொல்கிறது, 45 நாள் வரை நீட்டவும் அதே விதி இடம் கொடுக்கிறது. உண்மையான தடை விஎஃப்எஸ் போன்ற விசா விண்ணப்ப மையங்களில் நேரம் கிடைப்பது. ஏப்ரல், மே மாதங்களில் கோடை விடுமுறைக் கூட்டம் மொத்தமும் அங்கேதான். ஆகஸ்ட் பயணத்துக்கு மார்ச்சிலேயே நேரம் வாங்கிவிடுங்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு 45, அதற்கும் சிறியவர்களுக்கு இல்லை. 2024 ஜூனிலிருந்து இதுதான். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் எதுவும் திரும்பாது.

கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுகளுக்குள் கொடுக்கப்பட்டதாக, திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும்.

வங்கி அறிக்கை, வருமான வரிக் கணக்கு, அலுவலக விடுப்புக் கடிதம் இவையெல்லாம் வழக்கமானவை. மலைநடைக்காரர்கள் மாட்டிக்கொள்வது தங்குமிடச் சான்றில். ஒவ்வோர் இரவுக்கும் சான்று கேட்பார்கள். நகர விடுதி என்றால் இணையத்தில் பதிந்த ரசீது போதும். மலைவிடுதியோ பெரும்பாலும் மின்னஞ்சலில் 'சரி, உங்களுக்கு இரண்டு படுக்கை' என்று ஒரு வரியில் பதில் அனுப்பி முடித்துக்கொள்ளும். அதை விசா மையத்தில் நீட்டினால் முகம் சுளிப்பார்கள். எனவே உங்கள் எல்லோருடைய முழுப் பெயர், தேதி, விடுதியின் முகவரி ஆகியவற்றோடு உறுதிக் கடிதம் கேட்டு வாங்குங்கள். கேட்டால் தருகிறார்கள்.

காப்பீடு. விசாவுக்கு வேண்டியது குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கான பாதுகாப்பு. மலிவான பாலிசியே அந்த நிபந்தனையை நிறைவு செய்துவிடும், அதிகாரியும் திருப்தியடைவார். ஆனால் அதே பாலிசியின் உள்பக்கத்தில் 'சாகச விளையாட்டுகள் தவிர' என்று இருக்கும், மலைநடையை அதில் சேர்த்திருப்பார்கள். சிலவற்றில் உயர வரம்பும் உண்டு. விற்பவர் தொலைபேசியில் 'எல்லாம் கவர் ஆகும் சார்' என்றுதான் சொல்வார். இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: 2,500 மீட்டர் வரை நடைப்பயணத்துக்குப் பாதுகாப்பு உண்டா? மலையில் தேடுதல், ஹெலிகாப்டர் மீட்புச் செலவு சேருமா? பதிலும் எழுத்தில் வர வேண்டும்.

2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லையில் புதிய நுழைவுப் பதிவு முறை வந்திருக்கிறது. முதல்முறை நுழையும்போது விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள். வரிசை நகர நேரமாகலாம். விமானம் இறங்கி ஒரு மணி நேரத்தில் அடுத்த பேருந்து என்று நெருக்கமாகப் பதியாதீர்கள்.

4. அடிவாரத்தில் எந்த ஊர்?

மூன்று தேர்வுகள். தொப்பியாக்கோ: ரயில் நிலையம் உண்டு, மேலே போகும் நேரடிப் பேருந்து உண்டு. கார் இல்லாதவர்களுக்கு இதுவே சரி. கோர்த்தினா: பணக்காரர் ஊர், விலையும் அப்படியே. வெனிஸ் விமான நிலையத்திலிருந்து நேரடிப் பேருந்து இருப்பது அதன் வசதி. மிசுரினா: ஏரிக்கரையில் (1,754 மீ.) விரல்விட்டு எண்ணக்கூடிய விடுதிகள், மலைக்கு மிக அருகில், ஆனால் கடைகண்ணி கிடையாது.

வரும் வழி: தெற்கிலிருந்து என்றால் வெனிஸ், அங்கிருந்து கோர்த்தினா வழியாகத் தொப்பியாக்கோ வரைக்கும் பேருந்து இருக்கிறது. வடக்கிலிருந்து என்றால் மியூனிக், இன்ஸ்ப்ரூக், பிரென்னர் கணவாய் வழியாக ஃபோர்தேத்சாவில் ரயில் மாறி தொப்பியாக்கோ. அந்தக் கிளைப்பாதையில் தண்டவாள வேலைகள் நடப்பதால் சில மாதங்களில் ரயிலுக்குப் பதில் பேருந்து ஓடுகிறது. உங்கள் தேதிக்கு எப்படி என்று பாருங்கள்.

இந்தப் பக்கத்தில் ஊர்ப்பெயர்களால் குழம்பாதவர்கள் இல்லை. தொப்பியாக்கோ இருக்கும் தென் திரோல் மாகாணம் இத்தாலியனும் ஜெர்மனும் புழங்கும் பகுதி. தொப்பியாக்கோவும் டோப்லாக்கும் ஒரே ஊர். சான் கந்திதோவும் இன்னிக்கனும் ஒன்று. லொக்காத்தெல்லி விடுதிக்கு ஜெர்மன் பெயர் டிரைட்சின்னென்ஹூட்டே. பதிவுத் தளம் ஒரு பெயரைக் காட்டும், பேருந்து இன்னொன்றை. உங்களுக்கு வேண்டிய ஆறேழு இடங்களின் இரண்டு பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தென் திரோல் பக்கத்தில் தங்கினால், உங்கள் விடுதி 'கெஸ்ட் பாஸ்' தருமா என்று பதிவதற்கு முன் கேளுங்கள். அது இருந்தால் வட்டார ரயில், பேருந்துகள் இலவசம். ட்ரே சீமே பேருந்துக்கு மட்டும் தனி விதி, அது அடுத்து வருகிறது.

அடிவாரத்தில் குறைந்தது மூன்று இரவு. ஏன் என்பதும் அடுத்து வருகிறது.

5. மேலே போவதற்கான பதிவு: திட்டமே கவிழும் இடம்

ஔரோன்சோ விடுதி வரை தார்ச்சாலை இருக்கிறது. மிசுரினாவுக்கு மேலே சுங்கச்சாவடி. முன்பெல்லாம் விடியற்காலையில் போய் வரிசையில் நின்று பணம் கட்டினால் விட்டுவிடுவார்கள். 2025 கோடையிலிருந்து காருக்கு இணையத்தில் முன்பதிவு கட்டாயம். பதிவில்லாமல் போனால் சாவடியிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். பழைய பயணக் குறிப்புகளில் 'காலை ஆறு மணிக்குப் போய்விடுங்கள், போதும்' என்று இருக்கும். அதை நம்பாதீர்கள்.

காருக்கு 40 யூரோ, 12 மணி நேரம். பதியும்போது வண்டி எண் கேட்பார்கள். வாடகைக் கார் எடுக்கிறவர்களுக்கு இது தலைவலி, ஏனென்றால் சாவி கைக்கு வரும்வரை எண் தெரியாது. காரை முதல் நாளே எடுத்து, அன்று மாலையே பதிவது ஒரு வழி. ஆகஸ்டில் அதற்குள் இடம் தீர்ந்திருக்கும். இந்திய ஓட்டுநர் உரிமம் உள்ளவர்களுக்கு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், ஊரில் ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். மியூனிக்கிலிருந்து ஓட்டி வந்தால் ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்கான கட்டண ஒட்டுவில்லை, பிரென்னர் சுங்கம் இரண்டும் தனித்தனி. இத்தனையையும் கூட்டிப் பார்த்தால், நான்கு பேர் சேர்ந்து போனாலொழிய கார் லாபமில்லை.

பேருந்துதான் என் தேர்வு. தொப்பியாக்கோவிலிருந்து 444 எண் பேருந்து நேராக ஔரோன்சோ விடுதி வாசலுக்கே போகிறது. இதற்கும் இணையத்தில் முன்பதிவு வேண்டும், தனிக் கட்டணம். கெஸ்ட் பாஸ் கையில் இருக்கிறது, ஏறிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனித்தனியே இடம் எடுக்க வேண்டியிருக்கிறதா என்று பதிவுப் பக்கத்தில் பாருங்கள். மேலே போக இடம் வாங்கிவிட்டு, மாலையில் கீழே வர இடமில்லாமல் கைபிசைந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். கோர்த்தினாவிலிருந்தும் மிசுரினா வழியாகக் கோடையில் பேருந்து ஓடுகிறது.

இனி மூன்று இரவு விஷயம். பேருந்து இருக்கையை முன்பதிவு செய்யலாம், வானத்தைச் செய்ய முடியாது. பதிந்த நாளில் மழை கொட்டினால் பணம் திரும்பாது என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். மூன்று இரவு தங்கினால் நடுவே இரண்டு முழு நாள் கிடைக்கும். முதல் முழு நாளுக்குப் பேருந்தைப் பதியுங்கள். அன்று கெட்டுவிட்டால் மறுநாளுக்கு, இடம் இருந்தால் பேருந்து, இல்லாவிட்டால் பதிவே வேண்டாத வழி ஒன்று கைவசம் இருக்க வேண்டும்.

அப்படி இரண்டு இருக்கின்றன. ஒன்று, தொப்பியாக்கோவுக்கும் கோர்த்தினாவுக்கும் நடுவே உள்ள லாந்த்ரோவில் (சுமார் 1,400 மீ.) சாதாரணப் பேருந்தில் இறங்கி, ரியென்சா ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக 102 எண் பாதையில் லொக்காத்தெல்லிக்கு நடப்பது. ஆயிரம் மீட்டர் ஏற்றம், மூன்று மணி நேரத்துக்கு மேல். வந்த வழியே இறங்க வேண்டும். காலுக்கு வேலைதான், ஆனால் யாரிடமும் சீட்டு கேட்க வேண்டாம். சிகரங்களின் வடக்கு முகமும் வழியிலேயே தெரிந்துவிடும். மற்றொன்று, மிசுரினாவிலிருந்து ஔரோன்சோ விடுதிக்கு நடைபாதையில் ஏறுவது, இரண்டு மணி நேரம் பிடிக்கும். அதற்குமேல் முழு வட்டமும் என்றால் நீண்ட நாளாகிவிடும். லொக்காத்தெல்லி வரை போய்த் திரும்பினால் போதும்.

6. மலைவிடுதியில் ஓர் இரவு?

ஒருநாள் நடைக்குத் தேவையில்லை. ஆனால் வடக்குச் சுவர்கள் காலையில் நிழலில் கிடக்கும், வெயில் அவற்றின் மேல் விழுவது பிற்பகலுக்குப் பிறகு. பகல்கூட்டம் இறங்கிப் போன பின் லொக்காத்தெல்லி முற்றத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும் என்றால் அங்கேயே படுக்க வேண்டும்.

அதற்கு ஜனவரி, பிப்ரவரியிலேயே எழுதுங்கள். படுக்கையும் இரவு உணவும் காலை உணவும் சேர்ந்த அரைத்தங்கல் கட்டணம் இந்தப் பக்கத்து விடுதிகளில் பொதுவாக 70 முதல் 100 யூரோ. பொது அறையில் வரிசைக் கட்டில். இரவு பத்து மணிக்கு அமைதி. தைத்த துணிப்பை ஒன்று (உள்ளே நுழைந்து படுப்பதற்கு) கட்டாயம், இல்லாவிட்டால் அங்கே விலைக்கு வாங்க வேண்டும். சில விடுதிகள் முன்பணத்தை வங்கி வழியாக அனுப்பச் சொல்லும். இந்திய வங்கியிலிருந்து 40 யூரோ அனுப்புவதற்கான கட்டணம் சில சமயம் அந்த 40 யூரோவுக்கே பக்கத்தில் வந்து நிற்கும். அட்டை எண் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள், அல்லது ஐரோப்பாவில் இருக்கும் சொந்தக்காரர் யாரையாவது பிடியுங்கள்.

ஆல்பைன் சங்கங்கள் (மலையேறுவோர் சங்கங்கள்) எதிலாவது உறுப்பினராக இருந்தால் படுக்கைக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இது லாபம், சில சங்கங்களின் உறுப்பினர் கட்டணத்தில் மீட்புக் காப்பீடும் சேர்ந்தே வருகிறது.

7. பையில் என்ன?

கணுக்காலை மூடும், அடிப்பகுதி பிடிமானமுள்ள காலணி. பாதை முழுக்க சுண்ணாம்புச் சரளை, ஓட்டக் காலணி வழுக்கும். புதிதாக வாங்கினால் குறைந்தது ஒரு மாதம் ஊரில் போட்டு நடந்து பழக்குங்கள்.

மழைச்சட்டை, மெல்லிய கம்பளிச்சட்டை, தொப்பி, கையுறை. ஆகஸ்டிலுமா என்றால், ஆமாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும். தொப்பியாக்கோவில் (1,256 மீ.) 18 டிகிரி என்றால் கணவாயில் பத்துதான், அதற்குமேல் காற்று. கோடையிலும் பனி பெய்த நாட்கள் உண்டு. பருத்தி டீசட்டை வியர்த்தால் காயாது, செயற்கை இழைச் சட்டை போடுங்கள். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்.

ஒன்றரை லிட்டர் தண்ணீர், வெயில் களிம்பு, கறுப்புக் கண்ணாடி, கொப்புளத்துக்கான பட்டை, வலைத்தொடர்பு இல்லாமலும் வேலை செய்யும்படி இறக்கிய வரைபடம், பவர் பேங்க், 60 யூரோவாவது ரொக்கம். கைத்தடி இருந்தால் முழங்காலுக்கு நல்லது. விமானத்தில் அதைக் கைப்பையில் விட மாட்டார்கள், பெட்டியில் போடுங்கள். ட்ரோன் கொண்டு போகாதீர்கள், அது இயற்கைப் பூங்கா, பறக்கவிடத் தடை. கூடாரமும் போடக்கூடாது.

8. அன்றைய நாள்

முந்தைய மாலையே வானிலை பாருங்கள். கைப்பேசியில் இருக்கும் பொதுச் செயலி மலைக்கு உதவாது. தென் திரோல் மாகாண வானிலைச் சேவை ஆங்கிலத்திலும் மலைக்கான அறிக்கை தருகிறது. 'பிற்பகல் இடிமழை வாய்ப்பு' என்று இருந்தால் ஒரு மணிக்குள் வட்டத்தை முடிக்கும்படி முதல் பேருந்தைப் பிடியுங்கள். 'காலையிலிருந்தே' என்று இருந்தால் போகாதீர்கள். போட்ட காசு போகட்டும்.

ஔரோன்சோவில் இறங்கியதும் கழிவறைக்குப் போய்விடுங்கள். லவரேதோ விடுதி வரை வண்டி போகுமளவு அகலமான சமதளப் பாதை, அரை மணி. வழியில் ஒரு சிறிய தேவாலயம். குழந்தைகள், முதியவர்கள் இதுவரை வந்து திரும்பினாலே ஒரு நல்ல காலை. ஆனால் மூன்று சிகரங்களின் புகழ்பெற்ற முகம் இங்கிருந்து தெரியாது. நீங்கள் நிற்பது தெற்குப் பக்கம். பலர் இங்கே படம் எடுத்துக்கொண்டு 'இவ்வளவுதானா' என்று திரும்பிப் போகிறார்கள். இன்னும் இருபது நிமிடம் ஏறிக் கணவாய்க்கு வாருங்கள், காட்சி அங்கேதான் திறக்கிறது.

கணவாயிலிருந்து லொக்காத்தெல்லிக்கு இரண்டு தடங்கள் தெரியும். அகலமானது கீழே, ஒற்றையடிப் பாதை மேலே. அகலமானதில் போங்கள். விடுதி கண்ணுக்கு எதிரே தெரிந்துகொண்டே இருக்கும், ஆனாலும் நாற்பது நிமிடம் ஆகும். விடுதிக்குப் பின்னால் கீழே பியானி ஏரிகள், ஐந்து நிமிட இறக்கம்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். வந்த வழியே திரும்பினால் ஒன்றரை மணி, எளிது. 105இல் வட்டத்தைத் தொடர்ந்தால் இரண்டு மணிக்கு மேல். முதலில் சரசரவென்று பள்ளத்துக்கு இறங்கி, இறங்கியதையெல்லாம் மறுபடி லாங்கால்முக்கு ஏற வேண்டும். இந்தச் சுற்றின் உண்மையான ஏற்றம் இதுதான், அதுவும் சாப்பிட்ட பிறகு வருகிறது. வானம் கறுத்திருந்தால், முழங்கால் முணுமுணுத்தால், நேரம் இரண்டைத் தாண்டியிருந்தால் வந்த வழியே திரும்புங்கள். மற்றபடி வட்டமே சிறப்பு, கூட்டமும் பாதியாகிவிடும்.

கீழே வர, கடைசிப் பேருந்துக்கு முந்தைய பேருந்தில் இடம் வாங்கியிருங்கள்.

9. சாப்பாடு

விடுதி உணவகங்களில் ஒரு தட்டு 12 முதல் 18 யூரோ வரை. சைவர்கள் கவனிக்க: பார்லி சூப் என்று பாவமாக இருப்பதில் பன்றி இறைச்சித் துண்டு மிதக்கும். கனெதெர்லி என்ற ரொட்டி உருண்டையிலும் அப்படியே; கீரை போட்டதும் பாலாடைக்கட்டி போட்டதும் தனியாக உண்டு, அதைக் கேளுங்கள். 'ஸ்பெக்' என்ற சொல் இருந்தால் அது பன்றி. தக்காளிச் சாறு பாஸ்தா, காளானும் பாலாடைக்கட்டியும் சேர்த்த பொலென்தா என்ற மக்காச்சோளக் களி, ஆப்பிள் ஸ்ட்ரூடல் இவை பெரும்பாலும் கிடைக்கும். முட்டையும் தவிர்ப்பவர்கள் கைசர்ஷ்மார்ன் என்ற முட்டை சேர்த்த இனிப்பு அப்பத்தின் பக்கம் போகாதீர்கள். புளியோதரை கட்டிக்கொண்டு போனாலும் யாரும் தடுக்கப்போவதில்லை, விடுதியின் மேசையில் உட்கார்ந்து பிரிக்காமல் வெளியே ஒரு பாறையைத் தேடிக்கொள்ளுங்கள். மேலே குப்பைத்தொட்டி கிடையாது, இலையும் தாளும் உங்களோடு இறங்க வேண்டும்.

மலைவிடுதிக் குழாய்த் தண்ணீர் பல இடங்களில் குடிக்க ஏற்றதில்லை, பாட்டில்தான், விலை அதிகம். கழிவறைக்கும் சில்லறை வேண்டியிருக்கும். அட்டை இயந்திரம் வலைத்தொடர்பை நம்பி இருப்பதால் ரொக்கம் என்று மேலே சொன்னேன்.

10. ஏதாவது ஆனால்

அவசர எண் 112. தொடர்பு இல்லாவிட்டால் ஆல்ப்ஸ் முழுவதும் அறிந்த சைகை: ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசிலோ விளக்கோ, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்று முறை வரும். அழைக்கும்போது பாதை எண்ணும் கடைசியாகத் தாண்டிய விடுதியின் பெயரும் சொன்னால் போதும், அவர்களுக்கு இடம் பிடிபடும்.

அடிபடாமல், வெறும் களைப்புக்கோ வழிதவறியதற்கோ ஹெலிகாப்டர் வந்தால் கட்டணம் உங்கள் தலையில். பல ஆயிரம் யூரோ வரை போகும். மூன்றாம் படியில் காப்பீட்டுக்காரரிடம் எழுதி வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

11. செலவு

விமானம், விசா நீங்கலாக, மூன்று இரவுக்கு இரண்டு பேர் கணக்கு இப்படிப் போகும். பெரும்பகுதி அடிவார விடுதிதான்: கோடையில் தொப்பியாக்கோ பக்கம் இருவர் அறை இரவுக்கு 120 யூரோவுக்குக் கீழே கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். சமையலறை உள்ள வாடகை வீடு கிடைத்தால் இன்னும் நல்லது, பகலில் மலையில் ஒருவேளை வாங்கிச் சாப்பிட்டு இரவு வீட்டில் பொங்கிக்கொள்ளலாம். மலையில் ஒரு நாளுக்கு இருவருக்கும் சாப்பாடு, காப்பி, தண்ணீர் எல்லாம் சேர்த்து 50 முதல் 60. கார் என்றால் மேலே நிறுத்த 40, எரிபொருள் வேறு. பேருந்து என்றால் அதைவிடக் குறைவு. வெனிஸிலிருந்து வந்து போகும் பேருந்துக்குத் தனியாக ஒதுக்குங்கள், முன்கூட்டியே பதிந்தால் விலை குறைகிறது.

இணையத்தில் கட்டிய அறை வாடகையில் சுற்றுலா வரி சேர்ந்திருக்காது. ஆளுக்கு, இரவுக்கு இத்தனை என்று சில யூரோ, கிளம்பும் காலையில் கேட்பார்கள், சிறிய விடுதிகள் ரொக்கமாகத்தான் வாங்கும். கடைசி நாள் காலை ஆறே முக்காலுக்குப் பேருந்து என்றால், முந்தைய இரவே கட்டி ரசீது வாங்கிவிடுங்கள்.